ஏழாவது பாட்டில்

நன்றி சொல்வதில் செண்பகவல்லி கஞ்சத்தனம் பார்க்கிறவள் இல்லை. ஆகாயத்திலிருந்து விழுந்து பிழைத்த இந்த ஏழு மாதத்தில் அவள் நன்றி சொல்லாத ஆள் கோவில்பட்டி வட்டாரத்தில் மிச்சமில்லை. உடைமுள் காட்டிலிருந்து தன்னைத் தூக்கி வந்த வேலம்மாவுக்குப் பச்சைக் கரை போட்ட சேலை. கழுத்தெலும்பைச் சேர்த்துவைத்த டாக்டர் வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம். தனக்குப் பெயர் தந்த அம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு. ஆம்புலன்ஸ் ஓட்டிய மனுஷரைக்கூடத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தாள். அவருக்கு அவளை ஞாபகமே இல்லை. ஆனாலும் மரியாதைக்குக் குடித்துவைத்தார்.

கயத்தாற்றுக்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்குக் கிழக்கே, ஒரு பழைய விமான ஓடுதளத்தில் இருந்தது 'தென்காற்று' வான்குதிப்பு மையம். செண்பா அங்கே விங்சூட் பறப்பவள். அதாவது, கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு துணி, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு துணி என்று தைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் விமானத்தை விட்டுக் குதிப்பது. இரண்டு நிமிடம் பறவை மாதிரி முன்னோக்கிச் சறுக்குவது. நாலாயிரம் அடி வந்ததும் பாராசூட்டை விரித்து இறங்குவது. ஆடு மேய்க்கும் வேலம்மா இதற்கு 'வவ்வா வேலை' என்று பெயர் வைத்திருந்தாள். மையத்தில் எல்லாருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய், அதுவே நிலைத்துவிட்டது.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அந்த வவ்வா வேலை தவறிப்போனது.

முதுகுப் பையின் அடியில், வலது மூலையில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்து இழுத்து வீசினால் முதலில் ஒரு சின்னக் குடை காற்றைப் பிடிக்கும். அது பெரிய குடையை வெளியே இழுக்கும். செண்பா இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. தரை மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஆயிரத்தைந்நூறு அடியில் நெஞ்சிலிருந்த இன்னொரு பிடியை இழுத்தாள். காப்புக் குடை விரிந்தது. பெரியது கைவிட்டால் பிழைக்க வைப்பதற்கென்றே பையின் மேல்பாகத்தில் மடித்து வைத்திருக்கும் குடை அது. உயிர் தப்பியது. ஆனால் காற்று அவளை உடைமுள் காட்டில் இறக்கி, அரை பர்லாங் தூரம் இழுத்துக்கொண்டு போனது.

மையத்து ஜீப் போய்ச் சேருவதற்குள் வேலம்மாவும் இரண்டு பெண்களும் அவளை முள்ளிலிருந்து பிரித்து நிழலில் கிடத்தியிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. "துணி நல்ல துணி, கிழிஞ்சிரக் கூடாதுல்லா" என்று பைக்குள் கிடந்தது, வெளியே கிடந்தது எல்லாவற்றையும் உருவி எடுத்து, உதறி, பாய் மாதிரி சுருட்டியும் வைத்திருந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் எது எப்படி மாட்டிக்கொண்டது என்று பையைப் பார்த்துச் சொல்ல இனி எந்தக் கொம்பனாலும் முடியாது.

மிச்சம் இருந்தது வீடியோ. செண்பாவின் ஹெல்மெட்டில், பின்பக்கம் பார்த்தபடி, 'நுண்ணி' என்ற புதுக் கேமரா ஒன்று பரீட்சார்த்தமாக மாட்டியிருந்தது. அதில் எல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தது. அவள் கை பின்னால் போகிறது, ஆரஞ்சுப் பிடியை இழுக்கிறது, சின்னக் குடை காற்றில் எழும்புகிறது, பெரிய குடை வரவில்லை. பறந்தவள் மேல் தவறில்லை. அப்படியானால் பெரிய குடையை மடித்தவர் தவறாக மடித்திருக்கிறார்.

மடித்தவர் ஜெபமணி.

நாற்பத்தாறு வயது. மையத்தில் எல்லாருக்கும் அண்ணாச்சி. பெரிய குடை, காப்புக் குடை இரண்டுமே அவர் கையால்தான் மடிக்கப்படும். இந்த ஆட்டத்தில் உலகம் முழுக்க ஒரு வழக்கம் உண்டு. காப்புக் குடையால் பிழைத்தவர், அதை மடித்தவருக்கு ஒரு பாட்டில் மது வாங்கித் தர வேண்டும். ஜெபமணி ஞாயிறு தவறாமல் வேதக் கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்கிறவர், மதுவைக் கையால் தொடமாட்டார். ஆகவே தென்காற்றில் அது நன்னாரி சர்பத் பாட்டிலாக மாறிப்போனது. மடிக்கும் கூடத்துப் பலகையில் அப்படி ஆறு பாட்டில்கள் பெயரும் தேதியும் எழுதி வரிசையாக இருந்தன. ஏன் குடிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பிழைச்ச உசுர யாராவது குடிப்பாங்களா?" என்பார்.

செண்பா ஏழாவது பாட்டிலைக் கொண்டுவரவில்லை. கொன்றிருக்கக்கூடிய கைக்குப் பாட்டில் ஒரு கேடா என்பதுதான் அவள் நினைப்பு. கட்டுப் போட்ட தோளோடு விசாரணையில் உட்கார்ந்து, "நான் இழுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சொன்னாள். அந்த நாலு விநாடி வீடியோவை ஜெபமணிக்கும் போட்டுக் காட்டினார்கள். அவர் அதை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "வீடியோவே சொல்லுது. நான் என்னத்தச் சொல்ல?" என்று எழுந்து போய்விட்டார். தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியும் கொடுத்துவிட்டு, அன்றோடு மையத்து வேலையை விட்டு நின்றுவிட்டார். இப்போது புரட்டாசி. வருகிற திங்கட்கிழமை மதுரையில் கடைசி விசாரணை. அன்று அவருடைய உரிமம் ஆயுளுக்கும் ரத்தாகும். அதற்குப்பின் எந்த மையத்திலும் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் மடிக்க முடியாது.

இந்த நிலையில்தான் மையத்துக்குப் பன்னிரண்டு புதுக் கேமராக்கள் வாங்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மேலாளர் ரியாஸ் செண்பாவிடம் கொடுத்தார்.

"என்னத்தத் தேர்ந்தெடுக்க? நுண்ணிதான்னு எழுதிக் குடுத்துருவேன்" என்றாள்.

"எழுது. ஆனா ரெண்டு கேமராவயாவது ஒப்பிட்டுப் பாத்தோம்னு கணக்குக் காட்டணும்ல. பழைய செங்கல் ஒண்ணு கெடக்கு, அதையும் மாட்டிட்டு ஒருதடவ குதிச்சிட்டு வா."

செங்கல் என்பது பத்து வருஷத்துக் கேமரா. நுண்ணி ஒரு நெல்லிக்காய் எடை என்றால் இது ஒரு தேங்காய் மூடி. விங்சூட்காரர்களுக்குக் கேமரா என்றால் முதலில் எடை, பிறகுதான் படம். குடை விரியும்போது உடம்பு வெடுக்கென்று நிமிரும். தலையில் இருக்கிற ஒவ்வொரு கிராமும் அப்போது கழுத்தைப் பிடித்து இழுக்கும். கேமராவுக்கு மூலை முடுக்கு துருத்திக்கொண்டிருந்தால் குடையின் கயிறு அதில் மாட்டும். மாட்டினால் கதை முடிந்தது. மேலே குளிரில் பேட்டரி சாகக்கூடாது, காற்றில் படம் நடுங்கக்கூடாது. இத்தனையிலும் நுண்ணி கெட்டிக்காரப் பிள்ளை. செங்கல் எல்லாவற்றிலும் கடைசி பெஞ்ச்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் இரண்டையும் அருகருகே மாட்டிக்கொண்டு குதித்தாள். நல்ல காற்று. மேற்கே காற்றாலைகள் வெள்ளைக் குச்சிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாலாயிரம் அடி வந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனாள். புதுக் கையுறை தடிமனாக இருந்ததால் முதல்முறை பிடி அகப்படவில்லை. மறுபடி துழாவிப் பிடித்து இழுத்தாள். குடை விரிந்தது. அம்மா தாயே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

கூடத்தில் உட்கார்ந்து இரண்டு வீடியோவையும் போட்டுப் பார்த்தாள். முதலில் செங்கல். பறப்பதெல்லாம் வந்தது. இழுக்கிற சமயத்தில் சாயங்கால வெயில் நேரே லென்ஸில் அடித்து, இரண்டு விநாடி ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. பிறகு கை பிடியோடு வெளியே வருவது தெரிந்தது. மட்டமான படம் என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்து நுண்ணி. வெள்ளையே இல்லை. கை போனது, முதல்முறையிலேயே பிடியைப் பிடித்தது, ஒரே இழுப்பில் வெளியே வந்தது. அழகான இழுப்பு.

செண்பா நிறுத்தினாள். இன்னொரு தடவை போட்டாள். துழாவியது அவள் கைதானே? அரைமணி நேரம்கூட ஆகவில்லையே? விரல் நுனியில் அந்தப் பதற்றம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீடியோவில் இருக்கிற கை துழாவவே இல்லை.

நுண்ணியை விற்கும் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டாள்.

"அதுங்களா மேடம், அது எங்க கேமராவோட தனிச் சிறப்புங்க" என்றார் அவர் உற்சாகமாக. "பத்துப் படம் இருக்கற எடத்துல ஒண்ணுதானுங்க எடுக்கும். மிச்சம் ஒம்பதையும் உங்க பழைய குதிப்புகளப் பாத்து அதுவே போட்டுக்கும். அதனாலதான் சின்ன பேட்டரி, எடையே தெரியாது."

"வெயில் நேரா அடிச்சா?"

"அப்ப எடுத்தது உபயோகப்படாதுங்களே. அந்த எடத்த முழுசா ஊகம் பண்ணிக்கும்."

"இது ஊகம்னு எழுதிக் காட்டுமா?"

"பாக்க நல்லா இருக்காதுங்க மேடம்."

"அப்ப அது பொய்தான?"

"பொய் இல்லீங்க" என்றார், கொஞ்சம் மனம் நொந்து. "உங்க பழைய வீடியோ முந்நூறு குடுத்தீங்கல்ல. முந்நூறு தடவ செஞ்சத முந்நூத்தி ஒண்ணாவது தடவையும் செஞ்சிருப்பீங்கன்னு நம்புது. மனுசங்க ஒருத்தர ஒருத்தர் அப்படித்தானுங்களே நம்பறோம்?"

செண்பா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடி மாசி மாதச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். நன்றாகவே ஞாபகம் இருந்தது. கை ஆரஞ்சுப் பிடியை இழுக்கிறது. சின்னக் குடை பின்னால் எழும்புகிறது. பையின் கறுப்பு ஜிப், அதற்குக் கீழே மடங்கிய இறக்கைத் துணி, தன் முதுகு...

தன் முதுகு.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பழமொழி. பறக்கும்போது தன் முதுகை அவள் எந்தக் கண்ணால் பார்த்தாள்? கட்டிலில் கிடந்த ஒன்றரை மாதத்தில் அந்த வீடியோவை நாற்பது ஐம்பது தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள். ஞாபகம் என்று இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வைத்திருந்தது கேமரா பார்த்தது. அதுவும் கேமரா பார்த்ததுகூட இல்லை, கேமரா நினைத்துக்கொண்டது.

"நிஜமா எடுத்த படம் மட்டும் தனியா கிடைக்குமா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"கேமராவுக்குள்ளேயே இருக்குமுங்க. திறக்கறதுக்கு ஒரு சாவி எண் வேணும். யாரும் கேட்டதில்லீங்க இதுவரைக்கும். நாளைக்கு அனுப்பறேன்."

மறுநாள் எண் வந்தது. மாசி மாதத்துக் குதிப்பைத் திறந்தாள். அவள் கை பின்னால் போய் இழுக்கிற அந்த ஒரு விநாடிக்குள் நிஜப் படம் மொத்தமே மூன்று. முதலாவது வெள்ளை. மூன்றாவது வெள்ளை. நடுவில் உள்ளதில் அவள் முழங்கையின் நிழல் ஒரு கணம் லென்ஸின் மேல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் அவளுடைய விரல்கள் தெரிந்தன. விரல்களுக்குள் இருந்தது ஆரஞ்சு இல்லை. நீலம்.

அந்த நீலக் குமிழை அவளுக்கு நன்றாகத் தெரியும். நுண்ணியின் ஸ்விட்ச் அது. குடை விரிவதை மெதுவாக ஓடும் படமாக எடுக்க வேண்டுமென்றால் இழுப்பதற்கு முன்னால் ஒருதடவை அழுத்த வேண்டும். அதைப் பையின் வலது மூலையில், கைப்பிடிக்கு நாலு விரல் தள்ளித் தைத்துத் தரச் சொன்னது அவளேதான். ஜெபமணி அப்போது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "இடது பக்கம் வைப்போம் தங்கச்சி. கைக்குக் கண்ணு கிடையாது, கேட்டியா."

"எனக்கு வலது கைதான் அண்ணாச்சி வாகு. நீங்க தைங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள் இவள். அவரும் தைத்துக் கொடுத்துவிட்டார். மாசி மாதத்துச் சாயங்காலம் கையில் ஏதோ பிய்த்துக்கொண்டு வந்ததும், கைப்பிடியை இழுத்தாயிற்று என்று நம்பிக் காத்திருந்திருக்கிறாள். பிய்ந்த குமிழ் எந்தக் காட்டில் விழுந்ததோ. கைப்பிடி கடைசிவரை தன் இடத்திலேயே இருந்திருக்கிறது. சின்னக் குடை எழும்பியதெல்லாம் கேமராவின் ஊகம், வெயில் விலகிய பிறகுதான் பெரிய குடை இல்லாதது அதன் கண்ணில் பட்டிருக்கிறது. பெரிய குடை ஒழுங்காக மடித்தபடி, யாராவது கூப்பிடுவார்கள் என்று பைக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அவளுக்குப் பயம் வந்தது. அதை மறைப்பானேன்? ஒன்பது வருஷம் காத்திருந்து, வருகிற ஆனி மாதம் நார்வே மலைகளில் பறக்க அழைப்பு வந்திருந்தது. டிக்கெட்கூட எடுத்தாயிற்று. இந்தப் படத்தைப் பார்த்தவர் உலகத்தில் அவள் ஒருத்திதான். அந்த எண்ணம் வந்தது, சற்றுநேரம் சம்மணம் போட்டு உட்காரவும் செய்தது.

அதைத் தள்ளிவிட்டு மிச்சப் படங்களையும் பார்ப்போமே என்று நகர்த்தினாள். இதுவரை ஒருதடவைகூட அவள் அந்த இடத்தைத் தாண்டிப் பார்த்ததில்லை. எப்போதும் இழுப்பு தோற்கிற இடத்தோடு நிறுத்திவிடுவாள். விசாரணைக்காரர்களும் அங்கேதான் நிறுத்தினார்கள். அங்கிருந்து சிறிது தூரம் அப்படியே, ஒன்றிரண்டு நிஜம், மிச்சம் ஊகம். பிறகு திடீரென்று படங்கள் நெருக்கமாக, ஒன்றுகூட விடாமல் நிஜமாக வரத் தொடங்கின. மறுபடி கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள்.

"தெரிஞ்சதத்தானுங்களே ஊகிக்க முடியும்" என்றார் அவர். "முன்னப் பின்ன பாக்காத ஒண்ணு வந்துட்டா, கேமரா ஊகத்த விட்டுட்டு முழுசா எடுக்க ஆரம்பிச்சுரும்."

முந்நூறு குதிப்பில் அவள் காப்புக் குடை ஒருதடவைகூடத் திறந்ததில்லை. அதனால் கேமராவுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாததால் இருப்பதை இருக்கிறபடியே எடுத்திருந்தது. வெள்ளைத் துணி அவள் தோளுக்கு மேலே ஒரு முடிச்சாகக் கிளம்பி, நீண்டு, விரிந்து, முழுசாக நின்றது. செண்பா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். பெரிய குடையை மடித்த அதே கைதான் இதையும் மடித்தது. ஏழு மாதமாக ஊரெல்லாம் போய் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உயிரைக் கையில் பிடித்துத் தந்த மனுஷரை மட்டும் வேலையை விட்டுத் துரத்தியிருக்கிறாள்.

ரியாஸிடம் காட்டினாள். அவர் படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தார்.

"கைப்பிடி பக்கத்துல வேற குமிழ் வைக்கிறது விதிமீறல். ஒரு வருஷம் உன்னத் தரையில உக்காத்தி வச்சிருவாங்க. நார்வே போச்சு."

"தெரியும்."

"அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாருல்ல செண்பா."

"அதத்தான் சார் என்னால தாங்க முடியல. செய்யாதத ஒத்துக்கிட்டாரு. நான் செஞ்சது எனக்கே தெரியல."

ரியாஸ் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஜீப் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நிக்காத. இதுல போ."

மதுரை விசாரணைக்கு ஜெபமணி வரவில்லை. ஒப்புக்கொண்டவருக்கு அங்கே என்ன வேலை? அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அம்மாள், நீலக் குமிழ் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "இதப் பிடிச்சது இப்பவாவது உங்களுக்கு ஞாபகம் வருதா?"

"இல்ல மேடம். இப்பவும் ஆரஞ்சுப் பிடிய இழுத்ததுதான் ஞாபகத்துல இருக்கு. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணிருவேன். அதனாலதான் என் ஞாபகத்த நம்பாதீங்கன்னு சொல்ல வந்திருக்கேன்."

அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மறுபடி திறந்து எழுதினார். ஜெபமணியின் உரிமம் அன்றே திரும்பியது. செண்பாவின் உரிமம் ஒரு வருஷத்துக்குப் போனது. நார்வேக்குப் போட்டிருந்த டிக்கெட்டை அங்கே வாசல்படியிலேயே நின்று போனில் ரத்துசெய்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உடைமுள் காட்டிலிருந்து வெளியே வந்த பிறகு இன்றைக்குத்தான் மூச்சு முழுசாக உள்ளே போன மாதிரியும் இருந்தது.

வருகிற வழியில் சாத்தூரில் ஒரு நன்னாரி சர்பத் பாட்டில் வாங்கினாள்.

ஜெபமணி கோவில்பட்டியில் ஒரு தார்ப்பாய்க் கடையில் தையல் மிஷினில் இருந்தார். லாரிக்குப் போடுகிற பச்சைத் தார்ப்பாய் மலைபோல அவர் மடியில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"வா தங்கச்சி. தோளு எப்படி இருக்கு? கைய மேல தூக்க முடியுதா?"

அவர் அதைத்தான் முதலில் கேட்டார். செண்பா போனை நீட்டி நீலக் குமிழைக் காட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மதுரையையும் சொன்னாள்.

அவர் தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தக் குமிழத் தச்சுக் குடுத்தது நான்தானம்மா."

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்க அண்ணாச்சி."

"சொன்னா மட்டும் போதுமா? ஊசியக் கீழ வச்சிருக்கணும்ல." பிறகு மெதுவாகக் கேட்டார், "காப்புக் குடை? அது எப்படி விரிஞ்சுது? நான் அதப் பாக்கவே இல்ல. அவங்க காட்டல. எனக்கும் கேக்கத் தோணல."

செண்பா அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினாள். முடிச்சு, நீளம், விரிவு. ஜெபமணி போனைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"கயிறு முறுக்கல" என்றார். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல எந்திரிச்சிருக்கு. எங்கயும் சிக்கல." இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தார். "என் மடிப்புதான் இது." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. "ஏழு மாசமா இந்தக் கைய நான் நம்பல தங்கச்சி. வீட்டுல போர்வை மடிச்சாக்கூட ரெண்டு தடவ பிரிச்சுப் பாப்பேன்."

செண்பா பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள். மேலே ஒட்டிய காகிதத்தில் அவள் பெயரும் மாசி மாதத் தேதியும் எழுதியிருந்தது. "லேட்டாக் கொண்டாந்திருக்கேன். என்னய மன்னிச்சிருங்க. உங்களாலதான் அண்ணாச்சி நான் உசுரோட நிக்கேன்."

அவர் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தார். "நீ லேட்டுன்னா நான் அவசரப்பட்டுட்டேன் போல இருக்கு."

"என்ன அண்ணாச்சி?"

"மாசத்துல முதல் ஞாயித்துக்கிழம கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுட்டு வாரேன். என் கையில தப்பு இருந்தும் அந்தப் பிள்ளயக் கர்த்தர் காப்பாத்திட்டாரேன்னு. போதகர் ஐயர் ஒவ்வொரு மாசமும் உன் பேர வாசிச்சிருக்காரு. எங்க சபையில உன்னத் தெரியாத ஆளு கிடையாது."

ஊரெல்லாம் நன்றி சொல்லித் திரிந்தவளுக்காக அவர் ஏழு மாதமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். செண்பா தார்ப்பாய்க் கடை முதலாளி என்ன நினைப்பாரோ என்றுகூடப் பாராமல் அண்ணாச்சி காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். "சரி விடு, சவத்த விட்டுத் தள்ளு" என்று அவள் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார் ஜெபமணி.

மையத்துக்குப் போனதும் கேமரா அறிக்கையை எழுதி முடித்தாள். பன்னிரண்டும் செங்கல். எடை அதிகம், பேட்டரி சுமார், மூலைகளை உரசி மழுக்க வேண்டும் என்று குறைகளையெல்லாம் ஒளிக்காமல் எழுதினாள். தேர்ந்தெடுத்த காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: 'கண் கூசினால், எனக்குத் தெரியவில்லை என்று வெள்ளையாகச் சொல்லிவிடுகிறது.' ரியாஸ் தலையைச் சொறிந்தார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டி வேதக் கோயிலின் கடைசி பெஞ்சில் செண்பா உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த அம்மாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஆராதனையின் நடுவில் ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக. ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வந்ததற்காக.

"காப்புக் குடை சிக்காமல் விரிந்ததற்காக. ஜெபமணி."

சபையில் ஒரு சலசலப்பு. ஐயர் அடுத்த கவரை எடுத்தார். எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு, பிறகு சத்தமாக வாசித்தார்.

"அதை மடித்த கைகளுக்காக. செண்பகவல்லி."

எல்லாரும் திரும்பிப் பாட்டுக் குழுவைப் பார்த்தார்கள். இரண்டாவது வரிசையில் நின்ற ஜெபமணி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், பாட்டுப் புத்தகத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.